பார்வையற்றவர் கண்ட தேன்கூடு

1788ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள். ஜெனீவா நகரை அடுத்த ஒரு சிற்றூரில், தேனீக்கூடு ஒன்றின் எதிரே இருவர் காத்திருந்தனர். வானம் தெளிவாக இருந்தது. வெயில் இதமாகக் காய்ந்தது. கூட்டுக்குள் பிறந்து ஐந்தே நாளான இளம் இராணித் தேனீ ஒன்று இருந்தது. முதலில் ஆண் தேனீக்கள் வெளியேறிப் பறந்தன. சற்று நேரத்தில் இராணியும் வாசலுக்கு வந்தது. கூட்டைச் சுற்றி வட்டமிட்டு, மேலெழும்பி மறைந்தது. ஏழு நிமிடங்களில் திரும்பிய அதன் உடலில் எந்த மாற்றமும் இல்லை. மீண்டும் ஒருமுறை அது வெளியே பறந்தது. இம்முறை திரும்பிவர 27 நிமிடங்கள் ஆயின. இப்போது அதன் உடலில், ஆண் தேனீயோடு கூடியதற்கான அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாள்களில் அந்த இராணி முட்டையிடத் தொடங்கியது.

இராணித் தேனீ எங்கே, எப்படிக் கருவுறுகிறது? அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து அறிஞர்களைக் குழப்பிவந்த கேள்வி இது. கூட்டுக்கு வெளியே, வானில் பறக்கும்போதுதான் அது நிகழ்கிறது என்று ஒருசிலர் ஊகித்திருந்தனர். அதைச் சோதனைகளால் படிப்படியாக உறுதிப்படுத்தியவர்கள் அன்று அங்கே காத்திருந்த இருவரே. அவர்களுள் ஒருவர், இராணி வருவதையும் போவதையும் உற்றுப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவருக்குக் கண் தெரியாது. அந்தச் சோதனையைத் திட்டமிட்டவர் கண் தெரியாத அந்த மனிதர்தான். அவர் பெயர் பிரான்சுவா ஹூபர்.

ஹூபர் 1750ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் ஜெனீவாவில் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை ஜான் ஹூபர் ஓவியர். எழுத்தாளர் வோல்டேரின் அன்றாட வாழ்க்கையைப் பல ஓவியங்களாகத் தீட்டிப் புகழ் பெற்றவர் அவர். பறவைகள் பறக்கும் விதத்தையும் ஆராய்ந்து எழுதியவர். ஆகவே, இயற்கையை உற்று நோக்கும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்தது. சிறுவனுக்குப் படிப்பில் அளவற்ற ஆர்வம். இரவில் மங்கிய ஒளியிலும் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டான்.

பதினைந்து வயதளவில் அவருடைய பார்வை குறையத் தொடங்கியது. இரவில் கண் விழித்துப் படித்ததே அதற்குக் காரணம் என்று அக்காலத்தில் பேசிக்கொண்டனர். தந்தை அவரைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்று பெயர்பெற்ற மருத்துவர்களிடம் காட்டினார். உடல்நலம் தேறுவதற்காக அவர் பாரிசுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் தங்கி, உழவர்களோடு வயல்வேலைகளில் ஈடுபட்டார். உடல் தேறியது. கண்கள் தேறவில்லை. இனிப் பார்வை திரும்பாது என்று கண் மருத்துவர் கூறிவிட்டார்.

இதற்கிடையில், அவருக்கு மரி எமே லூலான் என்ற பெண்ணோடு அன்பு மலர்ந்திருந்தது. நடனப் பள்ளியில் ஏற்பட்ட பழக்கம் அது. அவளை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில், பார்வை மங்கிவருவதை ஹூபர் முடிந்தவரை மறைத்துப் பார்த்தார். ஆனால் அதை எத்தனை நாள் மறைக்க முடியும்? மரியின் தந்தை ஜெனீவாவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். கண் தெரியாத இளைஞனுக்குத் தம் மகளைக் கொடுக்க அவர் உறுதியாக மறுத்துவிட்டார். மரி தந்தையோடு சண்டையிடவில்லை. வீட்டைவிட்டு ஓடவும் இல்லை. சட்டப்படி, தன் விருப்பம்போல் மணம் முடிக்க 25 வயது நிரம்பவேண்டும். அதுவரை அவர் காத்திருந்தார். 1776இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அதன்பின் சுமார் நாற்பது ஆண்டுகள் அந்த இல்லறம் நீடித்தது. மரி கணவருக்குப் புத்தகம் படித்துக் காட்டினார். அவர் சொல்லச்சொல்லக் கடிதம் எழுதினார். ஐரோப்பாவில் போர்கள் மூண்ட காலத்தில், படைகள் நிற்கும் இடங்களைக் கணவர் விரல்களால் தடவி அறியும்படி, வரைபடத்தில் வெவ்வேறு அளவுள்ள குண்டூசிகளைக் குத்திவைப்பாராம். நாளிதழில் வரும் போர்ச் செய்தியைக்கூடக் கணவர் இழக்கக்கூடாது என்று எண்ணியவர் அவர்.

அந்த வீட்டில் பணிக்குச் சேர்ந்தவர்தான் பிரான்சுவா பர்னன்ஸ். எசமானருக்கும் பணியாளருக்கும் முதற்பெயர் ஒன்றே. பர்னன்ஸ் உழவர் குடும்பத்து இளைஞர். பெரிய படிப்பு இல்லை. ஆயினும், ஹூபருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும்போது, புரியாத இடங்களில் நிறுத்தி அவர் கேட்ட கேள்விகள் கூர்மையாக இருந்தன. அவர்கள் சேர்ந்து வாசித்தவற்றுள், பூச்சிகளைப் பற்றி ரேயோமூர் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் எழுதிய நூலும் ஒன்று. அதில் தேனீக்களைப் பற்றிய பகுதி ஹூபரைக் கவர்ந்தது. படித்தவற்றுள் சில உண்மைதானா என்ற ஐயமும் அவருக்கு எழுந்தது.

தம் கண்களாகச் செயல்படவேண்டிய ஒருவரை எப்படி நம்புவது? ஹூபர் இங்கே மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொண்டார். புதிய ஆய்வில் உடனே இறங்கவில்லை. ரேயோமூர் முன்பே செய்து முடிவு கண்டிருந்த சோதனைகளை மறுபடியும் செய்யும்படி முதலில் பர்னன்ஸிடம் கூறினார். பர்னன்ஸ் கண்டு சொன்னவை நூலில் இருந்தவற்றோடு பொருந்தின. அந்தப் பயிற்சிக்குப் பிறகே இருவரும் எவரும் அறியாதவற்றைத் தேடத் தொடங்கினர். அப்போதும் ஹூபர் ஒரே கேள்வியைப் பல வகையாக மாற்றிக் கேட்பார். காலையில் சொன்னதும் மாலையில் சொன்னதும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார். மற்றவர்களையும் தனியாகப் பார்க்கச் சொல்லி ஒப்பிடுவார். மனத்தில் படம் தெளிவாக உருவாகும்வரை விடமாட்டார். கண்ணுள்ளவர்கள் ஒருமுறை பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்று எண்ணிக் கடந்துபோவார்கள். ஹூபருக்கு அந்த வசதி இல்லாதது ஆய்வுக்கு நன்மையாகவே முடிந்தது.

அக்காலத்து ஐரோப்பியத் தேனீ வளர்ப்பு இன்றுள்ளது போன்றதன்று. வைக்கோலைப் புரிபோல் முறுக்கிப் பின்னிய கூடையைக் கவிழ்த்து, அதற்குள் தேனீக்களைக் குடியமர்த்துவார்கள். தேனடைகள் கூடையின் சுவரோடு ஒட்டியிருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. இராணி உயிரோடு இருக்கிறதா, புழுக்கள் நலமாக வளர்கின்றனவா, நோய் தாக்கியிருக்கிறதா, எதுவும் தெரியாது. தேன் வேண்டுமென்றால் பல இடங்களில் கந்தகத்தைக் கொளுத்தி, அந்தப் புகையில் கூட்டிலுள்ள தேனீக்கள் அனைத்தையும் கொன்றுவிடுவார்கள். ஆண்டு முழுவதும் உழைத்த கூட்டத்துக்குக் கிடைத்த கூலி அது.

கண்ணாடிப் பெட்டியில் தேனீ வளர்த்துப் பார்க்கும் வழக்கம் ஆய்வாளர்களிடம் முன்பே இருந்தது. ஆனால் அடைகள் பல அடுக்காக இருந்தால், வெளிப்புற அடை மட்டுமே தெரியும். ஹூபர் முதலில், இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரே ஓர் அடை மட்டும் கொள்ளும் மெல்லிய கூட்டைச் செய்வித்தார். எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும், அடைகளுக்கு இடையில் நெருங்கிக் கூடி வெப்பத்தைக் காத்துக்கொள்வது தேனீக்களின் இயல்பு. ஒற்றை அடையில் அவற்றால் இயல்பாக வாழ முடியாது என்று அவர் எண்ணினார். பிறகு அவர் உருவாக்கியதுதான் ஏட்டுக்கூடு. பல மரச்சட்டங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் கீல்களால் இணைத்த அமைப்பு அது. ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை. புத்தகத்தின் ஏடுகளைப் புரட்டுவதுபோல், வேண்டிய இடத்தில் பிரித்துப் பார்க்கலாம். மெதுவாகத் திறந்தால் தேனீக்கள் சீறுவதில்லை. எழுத்துகளைப் பார்க்க முடியாத ஒருவர், தேனீக்களின் வாழ்க்கையைப் படிக்க ஒரு புத்தகத்தைச் செய்துகொண்டார் என்றே சொல்லலாம்.

இராணித் தேனீயைப் பற்றிய சோதனைகள் நீண்டகாலம் நடந்தன. ஆண் தேனீயின் மணம் பட்டாலே இராணி கருவுற்றுவிடும் என்று சுவாமர்டாம் என்ற ஆய்வாளர் நம்பினார். ஹூபர் ஆண் தேனீக்களைத் துளையிட்ட பெட்டியில் அடைத்துக் கூட்டுக்குள் வைத்தார். மணம் வெளிவரும், தேனீ வெளிவராது. இராணி கருவுறவில்லை. மீன்களைப்போல, முட்டையிட்ட பிறகு ஆண் தேனீ அவற்றைக் கருவுறச் செய்கிறது என்று இங்கிலாந்தில் ஒருவர் கூறியிருந்தார். ஹூபர் கூட்டிலிருந்த ஆண் தேனீக்கள் அனைத்தையும் அகற்றினார். அப்படியும் முட்டைகளிலிருந்து புழுக்கள் வந்தன. அந்தக் கருத்தும் விழுந்தது. இராணியையும் ஆண் தேனீக்களையும் ஒரே கூட்டில் வைத்து வாசலை அடைத்தார். இராணி மலடாகவே இருந்தது. எஞ்சியது ஒரே வழிதான். இராணி வெளியே போகவேண்டும். அந்த முடிவுக்கு வந்த பிறகே, ஜூன் 29ஆம் நாள் இருவரும் கூட்டின் எதிரே காத்திருந்தனர்.

இதே வரிசையில் இன்னொரு புதிரும் கிடைத்தது. இராணியை மூன்று வாரங்களுக்குமேல் வெளியே விடாமல் தடுத்துவைத்து, பிறகு பறக்கவிட்டால், அது இடும் முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வந்தன. ஆண் தேனீக்கள் தேன் திரட்டுவதில்லை. ஆகவே அந்தக் கூட்டம் விரைவில் அழிந்துபோகும். ஏன் இப்படி என்று ஹூபருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவைத்தார். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ பிறக்கிறது என்ற விளக்கம், அவர் மறைந்த பிறகு, 1845இல் சியர்சோன் என்ற தேனீ வளர்ப்பாளரிடமிருந்து வந்தது. முட்டைகளெல்லாம் ஆண் தேனீக்களாகவே பிறந்தால் இராணியை மாற்றவேண்டும் என்பது இன்றைய தேனீ வளர்ப்பாளர்களுக்குப் பாலபாடம்.

பர்னன்ஸின் உழைப்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இராணி இல்லாத கூடுகளில் சிலவேளை முட்டைகள் காணப்பட்டன. இட்டது யார்? வேலைக்காரத் தேனீக்களைப்போன்ற உருவமுடைய சிறிய இராணி ஒன்று கூட்டத்தில் மறைந்திருக்கலாம் என்று சிலர் கருதினர். அப்படி ஒன்று இருக்கிறதா என்று உறுதிசெய்ய, கூட்டிலுள்ள தேனீக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் இருக்கும். அந்த வேலையைச் செய்வதாகப் பர்னன்ஸ் தாமே முன்வந்தார். இரண்டு கூடுகள். தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, அதன் நாவையும் பின்னங்கால்களையும் கொடுக்கையும் பார்த்து, வேலைக்காரத் தேனீதான் என்று உறுதியான பிறகே விட்டார். கண்கள் களைத்துப்போகும்போது மட்டும் சற்று ஓய்வெடுத்தார். வேலை முடியப் பதினொரு நாள்கள் ஆயின.

மறைந்திருந்த இராணி எதுவும் அகப்படவில்லை. இரு கூடுகளிலும் இருந்தவை அனைத்தும் வேலைக்காரத் தேனீக்களே. ஆயினும், அந்தக் கூட்டத்தில் பிறகும் முட்டைகள் தோன்றின. வேலைக்காரத் தேனீக்களுள் சில முட்டையிடக்கூடும் என்பது உறுதியாயிற்று. பதினொரு நாள் தேடி ஒன்றும் கிடைக்காதது வீண் உழைப்புபோலத் தோன்றலாம். கிடைக்காததுதான் அங்கே விடை.

தம் முடிவுகளை ஹூபர் சார்ல் போனே என்ற புகழ்பெற்ற இயற்கையியலாளருக்குக் கடிதங்களாக எழுதினார். ஜெனீவாவைச் சேர்ந்த போனேயும் நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்துப் பார்த்தே தம் கண்களைக் கெடுத்துக்கொண்டவர். தேனீக்களை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றி, பார்வை இழந்தவரும் பார்வை மங்கியவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். போனே ஐயங்களை எழுப்பினார். புதிய சோதனைகளைப் பரிந்துரைத்தார். அந்தக் கடிதங்கள் 1792இல் நூலாக வெளிவந்தன. கண்டவை பர்னன்ஸின் கண்கள் என்பதை ஹூபர் நூலின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறியிருந்தார். பணியாளரின் உழைப்பை எசமானர் தமதாக்கிக்கொள்வது பெரிதாகக் கருதப்படாத காலம் அது.

நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஆனால், சில ஆண்டுகளில் ஹூபருக்குப் பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. குடும்பப் பொறுப்புகள் அழைத்ததால் பர்னன்ஸ் தம் ஊருக்குத் திரும்பினார். அங்கே மக்களின் மதிப்பைப் பெற்று நீதிப் பொறுப்பிலும் அமர்ந்தார். அவருக்கு அது உயர்வு. ஹூபருக்கோ இரண்டாம் முறை பார்வை பறிபோனதைப்போன்ற நிலை. ஆய்வு பாதியில் நின்றுவிடுமோ என்று அஞ்சும் நேரத்தில், மனைவி மரி தாமே கூட்டின் முன் அமர்ந்தார். இயற்கையியலாளர் ஜுரீனின் மகள், தேனீயின் நுண்ணிய உறுப்புகளைப் பிரித்து ஆராய்ந்து படம் வரைந்து உதவினார். பிறகு மகன் பியர் வளர்ந்து தந்தையோடு சேர்ந்துகொண்டார். எறும்புகளைப் பற்றி எழுதிப் பிற்காலத்தில் பியரும் புகழ் பெற்றார்.

இந்த இரண்டாம் பகுதி ஆய்வுகளே தேனீ வளர்ப்போருக்கு மிகவும் பயன்பட்டன. பூக்களிலிருந்து கொண்டுவரும் மகரந்தத்தைத்தான் தேனீக்கள் மெழுகாக மாற்றுகின்றன என்று அதுவரை பலரும் நம்பினர். ஹூபர் தேனீக்களை அடைத்துவைத்துத் தேனும் நீரும் மட்டும் கொடுத்தார். அவை வெண்மையான அடைகளைக் கட்டின. அடைகளை எடுத்துவிட்டாலும் மறுபடியும் கட்டின. வெறும் சர்க்கரைப் பாகு கொடுத்தபோதும் அப்படியே. தேன் இல்லாமல் மகரந்தமும் பழமும் மட்டும் கொடுத்தபோது மெழுகே உருவாகவில்லை. தேனீ இனிப்பைத் தின்று, தன் வயிற்றுப் பகுதியின் அடியில் மெழுகை மெல்லிய செதில்களாகச் சுரக்கிறது என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் மகரந்தம் எதற்கு? புழுக்கள் உள்ள அடையோடு தேனீக்களை அடைத்து, தேன் மட்டும் கொடுத்துப் பார்த்தார். தேன் நிறைய இருந்தும் புழுக்கள் வளரவில்லை. மகரந்தம் கொடுத்ததும் தேனீக்கள் புழுக்களைப் பேணத் தொடங்கின. குஞ்சுகளுக்கான உணவே மகரந்தத்திலிருந்துதான் உருவாகிறது. பூக்கள் குறைந்த காலத்தில் கூட்டுக்குச் சர்க்கரைப் பாகு மட்டும் வைத்தால் போதாது, மகரந்தமும் வேண்டும் என்று இன்று தேனீ வளர்ப்போர் அறிந்திருப்பதற்கு இந்தச் சோதனையே அடிப்படை.

அடுத்து, காற்று. சிறிய வாசல் ஒன்றைத் தவிரக் கூட்டின் மற்ற இடுக்குகளையெல்லாம் தேனீக்கள் பிசினால் அடைத்துவிடுகின்றன. உள்ளே ஆயிரக்கணக்கான உயிர்கள். அவை ஏன் மூச்சுத் திணறிச் சாவதில்லை? நண்பர் செனெபியே துணையோடு ஹூபர் கூட்டின் உள்காற்றைச் சோதித்தார். அது வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழத் தூய்மையாகவே இருந்தது. தேனீக்கூட்டின் வாசலைப்போன்ற சிறிய திறப்புடைய கண்ணாடிக் கலத்துக்குள் எரியும் மெழுகுவத்தியை வைத்தார். சில நிமிடங்களில் அது அணைந்தது. தகரத்தால் செய்த சிறிய விசிறியைப் பொருத்திச் சுழற்றியபோது, அதே கலத்தில் மெழுகுவத்தி அணையாமல் எரிந்தது. கூட்டில் அந்த விசிறியின் வேலையைச் செய்வது எது? வாசலருகே வரிசையாக நின்று இடைவிடாமல் சிறகடிக்கும் தேனீக்கள்தாம். பலரும் பார்த்த காட்சி அது. பொருள் கண்டவர் ஹூபர். வாசலை முற்றிலும் அடைத்தபோது தேனீக்கள் தவித்து, சோர்ந்து விழுந்தன. காற்றை உள்ளே விட்டதும் உயிர்பெற்று எழுந்தன.

தேனீக்கள் ஒன்றோடொன்று எப்படிச் செய்தி பரிமாறுகின்றன என்பதையும் அவர் ஆராய்ந்தார். ஒரு கூட்டைக் கம்பிவலையால் இரண்டாகப் பிரித்தார். இராணி ஒரு பக்கம். வலையின் கண்கள் வழியாக உணர்கொம்புகளை நீட்டித் தொட முடிந்தபோது, மறுபக்கத் தேனீக்கள் அமைதியாக வேலை செய்தன. தொட முடியாதபடி இடைவெளிவிட்டு இரட்டை வலை அமைத்தபோது, இராணி இல்லாத பக்கத்தில் பரபரப்பு எழுந்தது. அவை வேறொரு இராணியை வளர்க்கத் தொடங்கின. இராணியின் உடலிலிருந்து வரும் வேதிப்பொருள், தொடுதல் வழியே கூட்டம் முழுவதும் பரவுகிறது என்று நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து அறிவியல் கண்டது. அதன் தொடக்கத்தை ஹூபர் ஒரு வலைத்துண்டைக் கொண்டு காட்டியிருந்தார்.

ஒருமுறை, முதுகில் மண்டையோடுபோன்ற குறியுள்ள பெரிய அந்துப்பூச்சிகள் இரவில் கூடுகளுக்குள் புகுந்து தேனைக் கொள்ளையடித்தன. கம்பி, பலகை எனப் பலவற்றால் வாசலைச் சுருக்குவது பற்றி மனிதர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, சில கூடுகளில் தேனீக்களே மெழுகும் பிசினும் கலந்து வாசலில் சுவர் எழுப்பியிருந்தன. தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சிறிய வழிகள் விட்டிருந்தன. ஹூபர் இதை வியப்போடு பதிவு செய்தார்.

இவை அனைத்தும் சேர்ந்து, மகன் பியரின் உதவியோடு 1814இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. எல்லாரும் உடனே நம்பிவிடவில்லை. கண் தெரியாதவர் சொல்வதையும், படிக்காத பணியாளர் கண்டதையும் எப்படி நம்புவது என்று ஏளனம் செய்து எழுதியவர்கள் உண்டு. ஆனால், அவர் சோதனைகளை எப்படிச் செய்தார் என்பது நூலில் படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. ஐயமுற்றவர்கள் தாமே செய்து பார்க்கலாம். பலர் செய்தும் பார்த்தனர். பெரும்பாலானவை சரியாக இருந்தன. சில இடங்களில் அவர் தவறியதும் தெரியவந்தது. இராணி ஓர் ஆண் தேனீயோடு மட்டுமே கூடுகிறது என்று அவர் எண்ணியிருந்தார். பல ஆண் தேனீக்களோடு கூடுகிறது என்பதே உண்மை. வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடுவதற்கு அவர் கூறிய காரணமும் நிற்கவில்லை.

அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஹூபரின் நூலைப் படித்து, ஏட்டுக்கூட்டைச் செய்து பார்த்தார். திறக்கும் வசதி பிடித்திருந்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இன்னும் எளிதாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஒரு தேனீ நடமாடும் அளவு இடைவெளி விட்டால், தேனீக்கள் அதைப் பிசினாலும் அடையாலும் அடைப்பதில்லை என்று 1851இல் அவர் உணர்ந்தார். சட்டங்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கி எடுக்கும் இன்றைய தேனீப் பெட்டி அதிலிருந்து பிறந்தது. தேனீக்களைக் கொல்லாமல் தேன் எடுக்கவும், அடையைக் கையிலேந்திப் புழுக்களின் நிறம் மாறியிருக்கிறதா, நாற்றம் வீசுகிறதா, உண்ணிகள் பற்றியிருக்கின்றனவா என்று சோதித்து நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கவும் அது வழி செய்தது.

ஹூபர் இனிய சுபாவம் உடையவர் என்றே அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளனர். இசையில் ஈடுபாடு மிக்கவர். தோட்டத்துப் பாதைகளில் கயிறு கட்டி, ஆங்காங்கே முடிச்சுகள் இட்டுவைத்திருந்தார். முடிச்சைத் தொட்டதும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிந்து, துணையின்றித் தனியே உலாவுவார். மரி அவருக்கு முன்பே காலமானார். முதுமையில் ஹூபர் லோசான் நகரில் மகளின் பராமரிப்பில் வாழ்ந்தார்.

அங்கே இருந்தபோது, மெக்சிகோவின் தம்பிகோ பகுதியில் கொடுக்கால் கொட்டாத தேனீக்கள் வாழ்கின்றன என்ற செய்தி அவருக்கு எட்டியது. மலேசியாவில் கெலுலுட் என்று அழைத்து, தோட்டங்களில் மரக்கட்டையோடு வைத்து வளர்க்கிறார்களே, அந்த இனத்தின் உறவுகள் அவை. எண்பதை நெருங்கிய ஹூபருக்கு அவற்றைப் பற்றி அறியும் ஆவல் பெருகியது. நண்பர் ஒருவரின் முயற்சியால் முதலில் சில தேனீக்களும், பிறகு கடல் கடந்து ஒரு முழுக் கூடும் அவரிடம் வந்துசேர்ந்தன. அவருடைய கடைசி மகிழ்ச்சிகளுள் ஒன்றாக அதைக் குறிப்பிடுகின்றனர். 1831ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தமது 81ஆம் வயதில் அவர் மறைந்தார்.